வெள்ளைக்கருவும் ராசன் அத்தானும்

காலையில் கேற் திறக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். அன்றைக்கும் அப்படித்தான். குசினியில் தாச்சிக்கு முன்னால் நின்று, முந்தின இரவு ஒட்டிப்பிடித்துக்கொண்ட முட்டை வெள்ளையைத் தட்டகப்பையால் சுரண்டிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ சப்பாத்துக் கழற்றுவது கேட்டது. யாரோ என்ன யாரோ, எனக்குத் தெரியாதா!

"புவனா, எழும்பிட்டியே?"

ராசன் அத்தான் வந்துவிட்டார்.

என் மனைவி புவனேஸ்வரி விறாந்தைக் கதிரையில் இருந்து தலைமயிரைக் கோதிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் கையில் வழக்கமான கண்ணாடிக் கோப்பை, அதன் மேல் நீல மூடி. மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்தது. அவள் குனிந்து மணந்து பார்த்தாள்.

"ஆ! என்ன வாசம் அத்தான்! வாய் ஊறுது."

நான் குசினி வாசலில் தட்டகப்பையோடு நின்றேன். எனக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் சொல்லி மறைக்க விருப்பமில்லை. அறுபது கழிந்து, பேரப்பிள்ளையும் கண்ட மனுசன், ஒரு கோப்பை முட்டையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

போன கிழமை, துறைமுகக் கந்தோரில் நான் கடைசியாகக் கையெழுத்துப் போட்ட நாளைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த நண்பர் ஒருவர் கடைத்தெருவில் மறித்து, "பென்சன் எடுத்த பிறகு என்ன செய்தனீர்?" என்று கேட்டார். முட்டை உடைத்தேன் ஐயா. அந்தக் கதைதான் இது.

கையைப் பிடித்த மாலை

ஓய்வு பெற்ற புதிதில் நாங்கள் இருவரும் பின்னேரங்களில் டச் பே கடற்கரையில் நடப்போம். அவள் முன்னால், நான் பின்னால். சேர்ந்து நடக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. எங்களுக்கு நடுவில், ஊருக்குள் திரிகிற மான் ஒன்று கூடப் போகலாம், சில நாட்களில் போனதும் உண்டு.

ஒரு நாள் அவள் நின்று, நான் கிட்ட வரும்வரை பார்த்திருந்து, என் கையைப் பிடித்தாள். கல்யாணம் முடித்த நாளில் இருந்து தெருவில் அவள் என் கையைப் பிடித்ததே இல்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். பிறகுதான் அவளுடைய கை குளிர்ந்து போய் இருப்பது தெரிந்தது.

"இஞ்சருங்கோ, நெஞ்சுக்குள்ள என்னவோ இறுக்கிது."

ஓட்டோவில் ஆசுபத்திரிக்குப் போனோம். பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் பெரிதாகலாம் என்றார்கள். இரத்தத்தில் கொழுப்பு. மருந்து தந்தார்கள். எண்ணெயைக் குறைக்க வேண்டும், தேங்காய்ப்பாலைக் குறைக்க வேண்டும், பொரித்தது தொடக்கூடாது. மீன் சாப்பிடச் சொன்னார்கள். துறைமுகத்தைப் பார்த்தபடி வாழ்ந்தாலும் புவனாவுக்கு மீன் நாற்றம் ஆகாது. இறைச்சியும் இல்லை. அசைவம் என்று அவள் தொடுவது முட்டை ஒன்றுதான்.

"அப்ப வெள்ளைக்கருவைச் சாப்பிடுங்கோ அம்மா. உங்கட நிலைமைக்கு மஞ்சள் வேண்டாம்," என்றார் டொக்டர். எங்கள் மகளின் வயதுப் பிள்ளை. "அடுத்த கிளினிக்குக்கு இது குறைய வேணும். குறையாட்டி கொழும்புக்கு அனுப்பி உள்ளுக்குள்ள பாக்கத்தான் வேணும்."

கொழும்பு என்ற சொல்லைக் கேட்டதும் புவனாவின் முகம் செத்துவிட்டது. அவளுடைய அக்கா நெஞ்சு வருத்தத்துக்கென்று கொழும்புக்குப் போனவ. பெட்டியில்தான் திரும்பி வந்தா. அன்று ஓட்டோவில் வரும்போது புவனா ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள்.

"என்னைக் கொழும்புக்கு மட்டும் விட்டிடாதேங்கோ."

"நான் இருக்கிறன்தானே," என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என்ன செய்வது என்று எனக்கே தெரியாது.

குசினிக்குள் போன ஆள்

குசினிக்குள் அதுவரை நான் தண்ணீர் குடிக்கத்தான் போயிருக்கிறேன். அடுத்த நாள் காலை போய், "நீர் கதிரையில இரும். நான் சமைக்கிறன்," என்றேன். அவள் சிரித்தாள். பிறகு நான் உண்மையாகச் சொல்கிறேன் என்று தெரிந்ததும் பயந்தாள்.

அவளைச் சமைக்க விட ஏலாது. அவளுடைய கை தன்பாட்டில் தேங்காய்ப்பாலை விடும், தன்பாட்டில் எண்ணெயைச் சரிக்கும். இத்தனை வருடப் பழக்கத்தை டொக்டர் சொன்னதற்காகக் கை கேட்குமா?

முட்டையில் வெள்ளை வேறு மஞ்சள் வேறு பிரிப்பது பெரிய வேலை. உடைத்த கோதின் இந்தப் பாதியில் இருந்து அந்தப் பாதிக்கு மஞ்சளை மாற்றி மாற்றி விட வேண்டும், வெள்ளை கீழே வழியும். முதல் நாள் எல்லாம் உடைந்து ஒன்றாய்ப் போனது. அது எனக்குப் பொரியலானது. இரண்டாம் நாள் கோது விழுந்தது. அவள் பல்லில் கடிபட்டு, எடுத்துப் பீங்கான் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

கிண்ணியாவில் இருந்து மோட்டார் சைக்கிளில் முட்டை கொண்டுவரும் நானாவிடம் முறையிட்டேன். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "வெள்ளைக்கரு மட்டும் போடுற கோழி இன்னும் வரல்ல ஐயா. வந்தா முதல்ல உங்களுக்குத்தான் கொண்டு வருவன்," என்றார்.

இரும்புத் தாச்சியில் எண்ணெய் இல்லாமல் முட்டை போட்டால் அது தாச்சியோடு சம்பந்தம் செய்துகொள்ளும். இது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. அவிக்கலாமே என்று யோசித்தேன். வெள்ளைக்கருவில் உப்பு, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டு அடித்து, உள்ளே வாழையிலை வைத்த கிண்ணத்தில் ஊற்றி, புட்டுப் பானை ஆவியில் வைத்தேன். கட்டியாகி வந்தது. கத்தியால் துண்டு போட்டேன். எனக்கே ஆச்சரியம்.

அதற்கு ஒரு சொதி. தேங்காயில் முதல் பிழியும் கட்டிப்பாலை ஒதுக்கிவிட்டு, கடைசியாகப் பிழியும் தண்ணிப்பாலில் வெந்தயம், மஞ்சள், வெங்காயம் போட்டுக் கொதிக்க வைத்து, அதற்குள் அந்த முட்டைத் துண்டுகளைப் போட்டேன். அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சம்புளியை விட்டு ஒரு தரம் திரைந்து போனது. இறக்கி வைத்துப் புளி விட வேண்டும் என்று படித்துக்கொண்டேன். சிவப்பரிசி இடியப்பத்துக்கு அந்தச் சொதியை விட்டுக் கொடுத்தேன்.

அவள் சாப்பிட்டாள். நான் எதிரே நின்று முகத்தைப் பார்த்தேன்.

"உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு," என்றாள்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

முறைக்கு நான் தம்பி

இந்த நேரத்தில்தான் ராசன் அத்தான் கனடாவில் இருந்து வந்து இறங்கினார்.

அவர் புவனாவின் சொந்த அத்தையின் மகன். உரிமை மச்சான். எங்கள் முறைப்படி அவளைக் கட்ட வேண்டியவர் அவர்தான். சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்களாம். நாட்டில் பிரச்சினை தொடங்கிய காலத்தில் அவர் வெளிநாடு போனார். கடிதம் வரும் என்று பார்த்திருந்தார்களாம். கடைசியில் அங்கே ஒரு பெண்ணைக் கல்யாணம் கட்டிக்கொண்டு நிற்கிற படம்தான் வந்ததாம். அதற்குப் பிறகுதான் தம்பலகாமத்தில் இருந்து என்னுடைய சம்பந்தம் போனது. என்னைத் தெரிந்தெடுத்தது புவனாவா, அந்தப் படமா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

அவருடைய மனைவி காலமாகிவிட்டா. பிள்ளைகள் தங்கள் பாட்டில். ஊரில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டுப் போவோம் என்று வந்தவர், திருகோணமலை முழுவதும் இடம் இருக்க, ஓர்ஸ் ஹில் மேட்டுத் தெருவில் எங்கள் வீட்டுக்கு ஒரு வளைவு கீழே மேல்மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்தார்.

முறையைப் பாருங்கள். பெண்சாதியின் மச்சான் எனக்கு அண்ணன் முறை. அவளைக் கட்ட இருந்தவரை நான் "அண்ணை" என்று கூப்பிட வேண்டும். அவர் என் தோளில் தட்டி "தம்பி" என்பார். அவருக்கும் எனக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அவர் தினம் நடக்கிறவர், வயிறு இல்லாதவர், அரைக் காற்சட்டையோடு தெருவில் போனால் மான்கள் கூடத் திரும்பிப் பார்க்கும்.

அவர் அவளை "நீ" என்பார். எனக்கு இத்தனை வருடத்தில் "நீர்" தாண்டவில்லை. அவள் அவரை வாய் நிறைய "அத்தான்" என்பாள். எனக்கு "இஞ்சருங்கோ". இதெல்லாம் முன்பு எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் வந்த பிறகு ஒவ்வொன்றாய் உறுத்தத் தொடங்கியது.

புவனாவின் நெஞ்சு வருத்தத்தைக் கேள்விப்பட்டதும் அவர் சொன்னார்: "நீ யோசியாத புவனா. எனக்கும் இருந்தது. சாப்பாட்டாலேயே குறைச்சனான். காலமைச் சாப்பாடு என்ர பொறுப்பு."

என் குசினியில், என் முன்னால், என்னைக் கேட்காமல்!

கோப்பை போய் வந்த கதை

அன்றில் இருந்து காலையில் அவருடைய முட்டை, மத்தியானமும் இரவும் என்னுடைய முட்டை.

அவரிடம் ஒட்டாத தாச்சி இருந்தது. எண்ணெய் தடவ ஒரு சின்னத் தூரிகை இருந்தது. அதையும் பாவிப்பதில்லை என்பது அவருடைய பெருமை. கீரை போட்ட முட்டை வெள்ளை, காளான் போட்ட முட்டை வெள்ளை, தக்காளிக்குள் ஊற்றி வேகவைத்த முட்டை வெள்ளை. மேலே ஏதோ காய்ந்த வெளிநாட்டு இலை தூவியிருக்கும். பார்க்க வடிவாகத்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது.

நான் அதை ருசி பார்க்கவே இல்லை. "நீங்களும் கொஞ்சம் தின்னுங்கோவன்," என்று அவள் நீட்டுவாள். பட்டினி கிடந்தாலும் அதைத் தொடுவதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்திருந்தேன்.

அவள் சாப்பிடும்போது அவர் எதிரே இருந்து பிளேன்ரீ குடிப்பார். அவள் ஒவ்வொரு கரண்டிக்கும் ஏதாவது சொல்லுவாள். "நல்லா இருக்கு அத்தான்." "இது முந்தினதை விட நல்லா இருக்கு." "எப்பிடி அத்தான் இவ்வளவு மெத்தெண்டு வந்தது?" நான் உள்ளே பாத்திரம் கழுவுகிற சாட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். மத்தியானம் என் சொதியை விட்டுச் சாப்பிடும்போது அவள் வாயில் இருந்து வருவது, "பச்சை மிளகாய் போட மறந்தனீங்களே?"

ஒரு வெள்ளிக்கிழமை அவர் முட்டையோடு வந்து நின்றார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை மணக்காது. சட்டி பானையே வேறு. மாட்டுப்பட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியம். புவனா முகம் சுளிக்கவே இல்லை. வாங்கிக்கொண்டு, "ஐயோ, இப்பதான் பால் குடிச்சனான் அத்தான், வைச்சிட்டுப் பேந்து சாப்பிடுறன்," என்றாள். அவர் போனதும் மூடியைக் கூடத் திறக்காமல் பிரிட்ஜில் வைத்தாள். அடுத்த நாள் எடுத்துச் சூடாக்கிச் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமையில் நான் முட்டைப் பெட்டியைத் தொட்டிருந்தாலே வீடு இரண்டாகியிருக்கும்!

"இண்டைக்கு வெள்ளி எண்டு அவருக்கு ஏன் சொல்லேல்ல?"

"பாவம், அங்க இருந்து வந்த மனுசன். நாள் கிழமை மறந்திருக்கும்."

பாவமாம்.

இதில் இன்னொரு கொடுமை, வந்த கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. அது எங்கள் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். கழுவி, அதற்குள் ஏதாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். கொண்டுபோய்க் கொடுக்கிறவன் யார்? நான்தான்! வெயிலில், அந்த வளைவுக்கு இறங்கி, என் பெண்சாதியின் மச்சானுக்குக் கோப்பை சுமந்தேன்.

எங்கள் வீட்டு வளவில் நின்ற எலுமிச்சையில் சின்னஞ்சிறிய காயாகப் பார்த்துப் பிடுங்கிப் போட்டேன். வாசலில் வைத்து அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். என்னையும் பார்த்தாள். எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டுத் தானே போய்ப் பெரிய காயாகப் பிடுங்கி வந்து நிரப்பினாள்.

"என்ன மனுசன் நீங்கள்!"

கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

மஞ்சளின் வழக்கு

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் சின்னவனாய் இருந்தபோது எங்கள் வீட்டில் முட்டை அவித்தால் நூலால் அறுப்பார்கள். கத்தியால் வெட்டினால் மஞ்சள் உதிர்ந்து வீணாகும். நூலின் ஒரு தலைப்பைப் பல்லில் கடித்து, மற்றதைக் கையில் பிடித்து, அம்மா சரி நடுவால் இழுப்பா. ஆனால் மஞ்சள் எப்போதும் நடுவில் இருப்பதில்லை. ஒரு பாதியில் கூடவும் ஒரு பாதியில் குறையவும் இருக்கும். கூடின பாதி அண்ணனுக்குப் போகும், "சோதனை எடுக்கிற பிள்ளை" என்று. அவன் எந்த நாளும் ஏதோ ஒரு சோதனைதான் எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு வெள்ளை.

அதனால்தானோ என்னவோ, புவனாவுக்கு வெள்ளையை எடுத்த பிறகு கிண்ணத்தில் மிஞ்சிக் கிடந்த மஞ்சள் கருக்களைப் பார்த்தபோது எனக்குக் கண் கூசியது. அத்தனையும் எனக்கு! எறிய மனம் வருமா? சாப்பாட்டை எறிகிற வீடா எங்கள் வீடு?

நல்லெண்ணெய் விட்டு, மிளகுதூள் போட்டு, மஞ்சளை வதக்கிப் புட்டோடு தின்றேன். ஒதுக்கி வைத்த கட்டிப்பாலும் இருந்தது. அதையும் எறிய ஏலாது. அதைப் புட்டுக்கு மேலே விட்டேன். அவளுடைய பீங்கானில் இருந்து கழித்த கொழுப்பு முழுவதும் என் பீங்கானுக்கு வந்தது. அதோடு, காலையில் விறாந்தையில் "வாய் ஊறுது அத்தான்" கேட்டால், கோபத்தில் எனக்கு இன்னும் கூடப் பசிக்கும்.

புவனா வாசலில் நின்று பார்த்துத் தலையில் அடித்தாள்.

"முட்டையும் நல்லெண்ணெயும்! வயசுக்கு வந்த, சாமத்தியப்பட்ட பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி எல்லே தின்னுறியள். எப்ப தண்ணி வாக்கிறது?"

"உமக்கென்ன, உமக்கு அத்தான் கொண்டு வருவார்," என்றேன்.

அவள் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டாள். வாயை விட்டுவிட்டேனே என்று எனக்கே ஒரு மாதிரிப் போய்விட்டது.

கிளினிக்

கிளினிக் நாள் வந்தது. அதற்கு முதல் சோதிக்க இரத்தம் கொடுக்கப் போனபோது, புவனா ஊசி குத்துகிற பிள்ளையிடம், "தங்கச்சி, இவருக்கும் ஒருக்காக் குத்திப் பாருங்கோ," என்று சொல்லி என்னையும் கதிரையில் இருத்திவிட்டாள். நான் மாட்டேன் என்றேன். கேட்டால்தானே.

ராசன் அத்தான் தன் வாடகைக் காரில் எங்களைக் கொண்டுபோனார். அவர் முன்னால் இருந்து காரை ஓட்ட, நாங்கள் இருவரும் பின்னால். துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று ஊதியது. புவனா கண்ணை மூடிக்கொண்டு கோணேசரைக் கூப்பிட்டாள். அவளுடைய கை என் சேட்டின் நுனியைப் பிடித்தபடி இருந்தது. குறையாவிட்டால் கொழும்பு. அந்த நேரத்தில் எனக்கும் யாருடைய முட்டை என்ற நினைவே இல்லை. யாருடையது என்றாலும் குறைந்திருக்க வேண்டும் என்றுதான் நானும் கும்பிட்டேன்.

டொக்டர் கடதாசியைப் பார்த்தார். சிரித்தார்.

"நல்லா வந்திருக்கு அம்மா. மருந்தை விடாதேங்கோ. இப்பிடியே சாப்பாட்டையும் பாத்துக்கொண்டா, இப்போதைக்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை."

புவனா அழத் தொடங்கினாள். ராசன் அத்தான் அவளுடைய தலையில் கை வைத்தார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் அவளுடைய கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வீட்டில ஆர் சமைக்கிறது?" என்று டொக்டர் கேட்டார்.

புவனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இவர் என்ர அத்தான். கனடாவில இருந்து வந்தவர். ஒவ்வொரு நாளும் காலமை முட்டை செய்து கொண்டு வாறவர். அவருக்குத்தான் நான் நன்றி சொல்ல வேணும்."

"வெரி குட்," என்றார் டொக்டர், அவரைப் பார்த்து.

நான் அங்கேயே நின்றேன். மத்தியானம் யார் செய்தது? இரவு யார் செய்தது? தேங்காய் திருவி விரலில் வெட்டுப்பட்டது யாருக்கு? அவள் பிழைத்த சந்தோசத்துக்கு நடுவில் எனக்கு அழுகை வரப் பார்த்தது. கோபத்து அழுகை.

அப்போது டொக்டர் அடுத்த கடதாசியை எடுத்தார். சிரிப்பு நின்றது.

"ஐயா, இது உங்கடதே? நீங்கள் என்ன சாப்பிடுறனீங்கள்?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"மஞ்சள் கரு," என்றாள் புவனா.

"எத்தினை?"

"எனக்குக் கழிச்சது எல்லாம். அதோட கட்டிப்பாலும்."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பேரனை ஏசுகிற மாதிரி ஏசினார். ராசன் அத்தான் சுவரைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்ததை நான் கண்டேன்.

ருசி பார்த்த நாள்

அடுத்த நாள் காலை கேற் திறந்தது. கோப்பை இந்த முறை பெரியது.

"தம்பி, இனி உமக்கும் சேத்துத்தான்," என்றார் ராசன் அத்தான். "வாரும், என்னோட இருந்து சாப்பிடும்."

தப்ப வழியில்லை. புவனா இரண்டு பீங்கான் எடுத்து வைத்தாள். கீரையும் முட்டை வெள்ளையும். மேலே அந்த இலை. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன்.

உப்பே இல்லை. உறைப்பு இல்லை. புளி இல்லை. கடித்தால் றப்பர். அந்தக் காய்ந்த இலையில் இருமல் மருந்து மணம். விழுங்க ஏலாமல், துப்ப ஏலாமல், நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இதையா அவள் ஒவ்வொரு நாளும் தின்றாள்? இதையா வாய் ஊறுது என்றாள்?

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விடிய எழும்பி, தனி வீட்டில், தனியாளாய் நின்று செய்திருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு.

"எப்பிடித் தம்பி?"

"நல்லா இருக்கு அண்ணை," என்று சொன்னது என் வாய்தான். "நல்ல மெத்தெண்டு வந்திருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. புவனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே எழும்பிப் போனாள். உள்ளே இருந்து இருமல் சத்தம் கேட்டது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் வழக்கம் போல இடியப்பமும் என்னுடைய முட்டைச் சொதியும். இந்த முறை நானும் அதையேதான் சாப்பிட வேண்டும். இருவரும் மேசையில் எதிரெதிரே இருந்தோம். யன்னலுக்கு வெளியே தண்ணீருக்கு அந்தப் பக்கம் சீனன்குடாவில் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் அடங்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"எப்பிடி அதைத் திண்டனீர்?"

"கண்ணை மூடி விழுங்கினனான். மருந்து எண்டு நினைச்சு."

"பேந்து ஏன் அந்தப் புழுகு புழுகினனீர்? கிளினிக்கிலயும் எழும்பி நிண்டு நன்றி சொன்னீர்."

"மனிசியைப் பறிகொடுத்திட்டு நிக்கிற மனுசன். எனக்கெண்டு மினக்கெட்டுச் செய்து கொண்டு வாறார். வாசலால வாற ஆளுக்கு நல்லா இருக்கு எண்டுதானே சொல்ல வேணும்? இண்டைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அவள் சொன்னது சரிதான். ஆனால் என் வயிற்றெரிச்சல் அவ்வளவு கெதியில் ஆறுமா?

"சரி. அப்ப எனக்கு? ஒரு நாளாவது நல்லா இருக்கு எண்டு சொன்னனீரே? உப்புக் கூடிப்போச்சு. உறைப்புக் காணாது. கோது கடிபடுது. இதுதானே சொன்னனீர்? நானும் நிண்டு செய்தனான்தானே?"

அவள் இடியப்பத்தைப் பிசைவதை நிறுத்தினாள்.

"உப்புக் கூடிப்போச்சு எண்டு நான் அவருக்குச் சொல்லுவனே? உங்களுக்குத்தானே சொல்லலாம்."

"எனக்கு வேண்டாம். எனக்கும் மற்றது வேணும்." என் குரல் உடைந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. "ஒரு நாளைக்கு என்னையும் வேற ஆள் எண்டு நினைச்சு, ஒரு நல்ல சொல்லுச் சொல்லுமன் புவனா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கேட்டதற்காக முயற்சி செய்தாள் என்றுதான் நினைக்கிறேன். நிமிர்ந்து இருந்தாள். விருந்தாளிக்கு முன்னால் வைக்கிற சிரிப்பை முகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. உதடு கோணிக் கண் நிறைந்துவிட்டது.

"ஏலாது," என்றாள். "உங்களை அப்பிடி நினைக்க எனக்கு ஏலாது."

நான் குனிந்து என் பீங்கானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் இருந்து அவளுடைய பீங்கான் என் பக்கமாக நகர்ந்து வந்தது.

"சட்டியில இன்னும் சொதி கிடக்கே? எனக்குக் கொஞ்சம் ஊத்துங்கோ."